இணைச்சீர்க்காரி

திருப்பூரில் குறை கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதற்கு வாரச் சம்பளம் உண்டு, தீபாவளிக்கு போனஸ் உண்டு. செக்கிங் டேபிளில் டியூப் லைட்டுக்குக் கீழே வரிசையாகப் பெண்கள் நிற்பார்கள். பனியன் ஒவ்வொன்றாக வந்து விழும். உள்ளே கைவிட்டு விரித்து, முன்பக்கம், பின்பக்கம், தோள், கழுத்துப்பட்டி என்று கண்ணாலேயே மேய்வார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், எது தென்பட்டாலும் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டிவிடுவார்கள். அதோடு அந்தப் பீஸின் கதை முடிந்தது. ஓட்டையும் இல்லாமல், தையலும் ஒழுங்காக இருந்து, சாயம் மட்டும் ஒரு பக்கம் வெளுத்திருந்தால் அதற்கு ‘ஷேடு’ என்று பெயர். ஷேடு அடித்த பீஸும் வேர்வையை உறிஞ்சும், குளிருக்குத் தாங்கும், பத்து வருஷம் உழைக்கும். ஆனால் கப்பல் ஏறாது, ‘செகண்ட்ஸ்’ என்று தனியாகத் தள்ளிவிடுவார்கள்.

மோனிஷாவுக்கு இந்தச் சொல் பேச்சு வந்த நாளிலிருந்து தெரியும். ஊத்துக்குளி ரோட்டில் அவளுடைய அப்பா திருமூர்த்திக்குப் பதினெட்டு மிஷின் ஓடுகிற யூனிட். பெரிய கம்பெனிகளிடம் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிற வேலை. கீழே யூனிட், மேலே வீடு. ஓவர்லாக் மிஷின் சத்தம் நின்றால்தான் அந்த வீட்டில் குழந்தைகள் தூக்கம் கலைந்து எழுந்துகொள்வார்கள்.

அவள் ஆறாவது படிக்கும்போது இடது மணிக்கட்டில் மிளகளவுக்கு ஒரு வெள்ளை வந்தது. அம்மா சித்ரகலா சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. ஆறு மாதத்தில் அது கையகலமானது. பிறகு உதட்டோரம், வலது இமை, கழுத்தில் ஒரு கீற்று. கோவையில் தோல் டாக்டர் பார்த்துவிட்டு, “இதுக்கு வெண்புள்ளின்னு பேரு. குஷ்டம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. தொட்டா ஒட்டாது, வலிக்காது, உயிருக்கு ஒண்ணும் ஆகாது. அந்த இடத்துல தோலு நிறம் குடுக்கறதை நிறுத்திருச்சு, அவ்வளவுதான்” என்றார். அவ்வளவுதான் என்று டாக்டர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார். ஊருக்கு அது அவ்வளவு சீக்கிரத்தில் முடிகிற சமாச்சாரமாக இல்லை.

ஒறம்பரை என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மீனையும் பாலையும் சேர்த்துத் தின்றிருப்பாள் என்றார் ஒருவர். புளியை நிறுத்து என்றாள் ஒருத்தி. உப்பில்லாமல் எட்டு மாதம் சாப்பிட்டாள் மோனிஷா. உப்பில்லாத ரசத்தை ஒருநாள் குடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எட்டு மாதம் புரியும். அவளுக்கு வெள்ளை குறையவில்லை, வாய்தான் நீண்டது.

வெயில் கொளுத்துகிற சித்திரையிலும் அம்மா அவளுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டாள். யூனிட்டிலேயே தைத்த ஏழு டாப்ஸ், எல்லாம் விரல் வரை கை வைத்தது. பதினைந்தாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஷின்கள் ஓயும் நாளில், மோனிஷா கீழே போனாள். கத்திரியை எடுத்தாள். பதினான்கு கைகளையும் முட்டிக்கு மேலே வெட்டினாள். பிளாட்லாக் மிஷினில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மடித்து அடித்தாள். அம்மா வந்து பார்த்தபோது வெட்டிய கைகள் ஒரு குவியலாகக் கிடந்தன.

“ஏன் கண்ணு இப்புடிப் பண்ணுனே? நாலு பேரு பாக்க மாட்டாங்களா?”

“பாக்கட்டுமுங்கம்மா. எனக்கு வேர்க்குது.”

அம்மாவுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டே ஒரு டாப்ஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மடிப்புத் தையல் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியிருந்தது. அதற்கு மேல் அவளால் திட்ட முடியவில்லை.

இதெல்லாம் முன்கதை. மோனிஷா பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த பதினேழாவது வயதில்தான் அண்ணனுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அண்ணன் அருண்குமாருக்கு இருபத்தேழு. யூனிட்டை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். நல்லவன். சிக்கலே அதுதான், அவன் யாரோடும் சண்டை போட மாட்டான்.

பெண் வீடு வெள்ளகோவில். பெண் ஜனனி, ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுடைய அப்பா மயில்சாமி தேங்காய் வாங்கிக் காயவைத்துக் கொப்பரை விற்கிறவர். மாப்பிள்ளை வீடு பார்க்க அவர்கள் வந்த அன்று மோனிஷாதான் காபித் தட்டை எடுத்து வந்தாள். அரைக்கைச் சுடிதார். மயில்சாமி டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

கூடத்திலிருந்த மற்றவர்களும் காலண்டரையே பார்த்தார்கள். திருமூர்த்திக்கு அதைத் தாங்க முடியவில்லை. எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று வாய் பரபரத்தது. முப்பது வருஷம் பனியனோடு கிடந்த மனிதருக்கு அவசரத்தில் வேறு எந்தச் சொல் வரும்?

“ஒண்ணுமில்லீங்க சம்பந்தி. மொத பீஸு பக்கா. ரெண்டாவதுதான் கொஞ்சம் ஷேடு அடிச்சுப்போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். திருப்பூர்க்காரர்கள் சத்தமாகவே சிரித்தார்கள். மோனிஷாவின் கையில் தட்டு ஆடவில்லை. கடைசி டம்ளர் வரை கொடுத்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். அவர்கள் கிளம்பிப் போனதும் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“என்னையச் செகண்ட்ஸ்ல தள்ளிட்டீங்களாப்பா?”

“அட, வெளையாட்டுக்குச் சொன்னது கண்ணு.”

“வெளையாட்டுன்னா எனக்கும் சிரிப்பு வந்திருக்கோணுமல்லங்கப்பா?”

திருமூர்த்தி செல்போனை எடுத்து யாரும் கூப்பிடாமலே காதில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அவர் கெட்ட அப்பா இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ஆறு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர். ஆனால் அன்று அவர் ஒட்டிய ஸ்டிக்கரை அவராலேயே பிய்க்க முடியவில்லை.

ஒரு வாரத்தில் மயில்சாமியிடமிருந்து போன் வந்தது. சம்பந்தம் பிடித்திருக்கிறது, வைகாசியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு சங்கதிதான் என்றார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. இந்த இணைச்சீருக்கு மட்டும் உங்க அண்ணன் புள்ள நாகஜோதிய நிறுத்திக்கலாமுங்களா?”

கொங்குநாட்டுக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் நடக்கிற சீர் அது. மணப்பெண் உடுத்துவதற்கு மாப்பிள்ளை வீட்டார் எடுத்த கூறைச்சேலையை மடிப்போடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் நிற்பாள். சேலையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும். இவளுக்குச் சம்மதம், இவள் வழிவிடுகிறாள், இனிமேல் இன்னொருத்தி இந்த வீட்டுக்கு வரலாம் என்பது அதன் பொருள். நிற்பவளுக்கு இணைச்சீர்க்காரி என்று பெயர். சீர் முடிந்ததும் அதே சேலையை அவளே பெண்ணின் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பெண் அதை உடுத்திக்கொண்டுதான் தாலிக்கு வந்து உட்காருவாள். மயில்சாமிக்கு உறுத்தியது அந்தச் சேலைதான்.

“ஆகட்டுமுங்க” என்று சொல்லிவிட்டார் திருமூர்த்தி.

அம்மா வந்து மோனிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். “ஒரு மணி நேரச் சோலி கண்ணு. நாகஜோதி நின்னுட்டுப் போகட்டும். நீ பந்தியில நின்னு ஒறம்பரையக் கவனிச்சுக்க. உனக்குப் புதுப் பட்டு எடுத்துத் தர்றேன்.”

“பங்காளி ஊட்டுப் புள்ளைய எப்பம்மா நிறுத்துவாங்க?”

அம்மா தலையைத் தடவிய கையை எடுத்துக்கொண்டாள்.

“சொல்லுங்கம்மா. கூடப் பொறந்தவ இல்லாதவனுக்குத்தான நிறுத்துவாங்க? அப்ப நான் செத்துப்போயிட்டனா? இல்ல, பொறக்கவே இல்லியா? பத்திரிகையில தங்கச்சின்னு என்ற பேரும் வருமல்ல, அதையும் அடிச்சிருங்க.”

“எதுக்குக் கண்ணு இப்புடியெல்லாம் பேசற?”

“நான் பேசல. நாகஜோதி அக்கா அங்க நின்னா, ஊரே அப்புடித்தான் பேசும்.”

அவள் சொன்னது நியாயம் என்பது சித்ரகலாவுக்குத் தெரியும். நியாயம் என்று தெரிந்த பிறகு மனிதர்களுக்குக் கோபம்தான் முதலில் வரும். “கல்யாணம் நின்னுபோனா உங்கண்ணனுக்கு எவ வருவா?” என்று கத்திவிட்டு எழுந்து போனாள்.

மோனிஷா அண்ணனைத் தேடிக் கீழே போனாள். அருண்குமார் கட்டிங் டேபிளில் துணியை விரித்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டதும் துணியின் சுருக்கத்தை நீவினான். இல்லாத சுருக்கத்தையும் நீவினான்.

“உனக்கு நான் நிக்கறது வேண்டாமாண்ணா?”

“எனக்கென்ன மோனி, யாரு நின்னா என்ன…”

“எனக்கு யாரோ இல்லண்ணா. நான்தான்.”

அவன் நிமிரவில்லை. அன்று தொடங்கி ஒரு மாதம் அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, வந்ததை மாடிக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுது முடித்தாள். பிறகு போனை எடுத்து ஜனனிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். ‘அண்ணி, இணைச்சீருக்கு நான் நிக்கறது உங்களுக்கும் வேண்டாமா?’ இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை.

பதில் போடாதவர்களை நேரில் பார்த்துவிடுவது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. ஜனனி ஈரோட்டில் இருந்தாள், அவளுடைய அப்பா வெள்ளகோவிலில் இருந்தார். வேண்டாம் என்று சொன்னவர் அவர்தானே? ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, காங்கேயத்தில் பஸ் மாறி வெள்ளகோவிலில் இறங்கினாள்.

களத்தில் உடைத்த தேங்காய்கள் வெயிலைப் பார்த்துக் கிடந்தன. வேலையாட்கள் வெள்ளைப் பருப்பை ஒரு பக்கமும் கறுத்ததை இன்னொரு பக்கமும் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் இதே வேலைதானா என்று நினைத்தாள் மோனிஷா. ஷெட்டுக்குள் மயில்சாமியும் மூன்று வியாபாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“அட, வா சாமி! வெயில்ல தனியாவா வந்தே? உக்காரு கண்ணு, உக்காரு. ஏப்பா, டீ கொண்டா.”

கொங்குக்காரரின் மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாற்காலியைத் துண்டால் தட்டி விட்டார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். டீ வந்தது. வியாபாரிகளுக்கு எவர்சில்வர் டம்ளர். மயில்சாமிக்கு எவர்சில்வர் டம்ளர். அவளுக்குப் பேப்பர் கப்.

“எனக்கும் டம்ளர்லயே குடுக்கச் சொல்லுங்க மாமா.”

“அது… பேப்பர் கப்புத்தான் சுத்தம் கண்ணு. குடிச்சுட்டு வீசீரலாம்.”

“அப்ப உங்களுக்கும் அதுலயே ஊத்தச் சொல்லுங்க. நீங்களும் சுத்தமா இருங்க.”

வியாபாரிகள் மூன்று பேரும் அவரவர் டம்ளருக்குள் பார்த்தார்கள். மயில்சாமியின் முகம் லேசாகச் சிவந்தது. ஆனாலும் குரல் ஏறவில்லை.

“நான் உன்னைய ஒண்ணும் கொற சொல்லலியே சாமி. நீ தங்கமான புள்ள. ஆனா அந்தச் சேலைய உன்ற கையில வாங்கி என்ற புள்ள ஒடம்புல சுத்தோணுமல்ல? நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“தொட்டா ஒட்டாதுங்க மாமா. ஆறு வருசமா எங்கம்மாதான் எனக்குத் தலை பின்னி உடறாங்க. அவங்க கை எப்புடி இருக்குதுன்னு பாத்தீங்கல்ல? அன்னிக்கு நீங்க குடிச்ச காபி அவங்க போட்டதுதான்.”

“டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க கண்ணு…”

“உங்களுக்குப் பயமா, அருவருப்பாங்க மாமா? பயம்னா சொல்லுங்க, டாக்டர் சீட்டக் கொண்டாந்து காட்டறேன். அருவருப்புன்னா சீட்டு வாங்க வேண்டியது நானில்ல, நீங்கதான்.”

“வயசுப் புள்ள இத்தனை வாய் பேசக் கூடாது சாமி. பத்தரமா ஊட்டுக்குப் போ.”

டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது காதெல்லாம் எரிந்தது. பேப்பர் கப், பேப்பர் கப் என்று மனம் அதையே சுற்றியது. காங்கேயம் வருவதற்குள் அந்தக் கோபத்துக்குள்ளிருந்து வேறொன்று கிளம்பியதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுடைய யூனிட்டில் பண்டல் தூக்குகிற சுப்பையனுக்கு டீ எதில் கொடுக்கிறார்கள்? குழாயடிக் கம்பியில் கவிழ்த்து வைத்திருக்கிற ஒரு கண்ணாடி கிளாஸில். அந்தக் கிளாஸை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். அவர் குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே கவிழ்ப்பார். பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். அதில் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அவளுக்கு அவள்மேலேயே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த திருமூர்த்தியின் கை நின்றது. “என்ற புள்ளைக்குப் பேப்பர் கப்பா?” என்றார். முகம் கன்றிவிட்டது. “என்ற புள்ளைக்கா?”

“ஆமாங்கப்பா. சுப்பையனுக்கு நம்ம தனிக் கிளாஸு வெச்சிருக்கறோமல்ல, அதே மாதிரித்தான்.”

சோற்றைப் பிசைந்த விரல்கள் அப்படியே இருந்தன. தட்டைத் தள்ளி வைத்தார். கடைசியில், “பத்திரிகை குடுத்தாச்சு கண்ணு. கல்யாணம் முடியட்டும்” என்றார்.

மறுநாள் பத்து மணி டீக்கு மோனிஷா மேலேயிருந்து வீட்டு டம்ளர்களை எடுத்து வந்தாள். எல்லோருக்கும் ஊற்றிய மாதிரியே சுப்பையனுக்கும் ஊற்றி நீட்டினாள். அவர் வாங்காமல் குழாயடியைப் பார்த்தார்.

“எனக்கு அது போதுமுங்க அம்முணி.”

“நேத்து எனக்கு ஒருத்தர் பேப்பர் கப்புல டீ குடுத்தாருங்க. கொதிச்சுப்போச்சு.”

சுப்பையன் டம்ளரை வாங்கிக்கொண்டார். சிரித்தார், ஆனால் அது அவளைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு இல்லை. “உங்களுக்கு ஒரு நாளைக்கே கொதிக்குதுங்க. எனக்கு அறுவது வருசமாச்சு” என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார். மோனிஷா கம்பியில் இருந்த கிளாஸை எடுத்துக் குப்பையில் போட்டாள். கட்டிங் டேபிளிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு குனிந்து துணியை விரித்தார்.

வைகாசியில், காங்கேயம் ரோட்டு மண்டபத்தில் கல்யாணம். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். மோனிஷா பட்டுச்சேலை கட்டி, கை வைக்காத ரவிக்கை போட்டு, முகத்தில் பவுடர்கூட இல்லாமல் இறங்கி வந்தாள். வெள்ளைகளை மறைக்க வாங்கிய கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த அம்மா, மகளைப் பார்த்ததும் அதைப் பேசாமல் பைக்குள் போட்டுவிட்டாள். பந்தியில் ஒறம்பரையைக் கவனி என்று சொல்லியிருந்தார்கள். அவள் போய் மணவறைக்கு எதிரில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

சீர்களை நடத்தி வைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்பார்கள். அன்று வந்திருந்தவர் ஆத்தப்பன். சட்டைக் காலரில் மைக்கைக் குத்தியிருந்தார்கள். அவர் முணுமுணுப்பதெல்லாம் பந்தி வரைக்கும் கேட்டது.

“இணைச்சீர்க்காரி வாங்க.”

நாகஜோதி எழுந்து மேலே போனாள். ஆத்தப்பன் கூறைச்சேலையை அவளுடைய கக்கத்தில் வைத்து, ஒரு முனையை அருண்குமாரின் கையில் கொடுத்தார். அப்போது மோனிஷா எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை, ஏதோ எடுத்துக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். படியேறி ஆத்தப்பனுக்கு நேராக, அந்தக் காலருக்கு நேராக நின்றாள்.

“எனக்கு ஒரு சந்தேகமுங்க. மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ இருக்கறப்ப பங்காளி ஊட்டுப் புள்ள இணைச்சீருக்கு நிக்கலாமுங்களா?”

ஆத்தப்பன் சீரில் கெட்டி. யாருக்கு என்ன ஏற்பாடு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. யோசிக்காமல் பதில் சொன்னார்.

“அதெப்புடிக் கண்ணு? பொறந்தவ இருந்தா அவதான் நிக்கோணும்.”

மண்டபம் முழுக்க ஸ்பீக்கரில் அது கேட்டது.

“நான் பொறந்திருக்கறனுங்க. பேரு மோனிஷா. பத்திரிகையிலயும் இருக்குது.”

கூட்டம் சலசலத்தது. ஆத்தப்பன் அவளுடைய உதட்டையும் கையையும் அப்போதுதான் கவனித்தார். என்னவோ சொல்ல வாயெடுத்து, மைக் இருப்பது நினைவுக்கு வந்து, மூடிக்கொண்டார். நாகஜோதிதான் முதலில் அசைந்தாள். “எனக்கு அப்பவே மனசு ஒப்பல. இந்தா, புடி” என்று சேலையைத் தங்கையின் கக்கத்தில் வைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

மயில்சாமி எழுந்தார். இப்போது அவருடைய குரலில் சாமியும் இல்லை, கண்ணும் இல்லை.

“சம்பந்தி, பேசுனது என்ன, நடக்கறது என்ன? இப்புடின்னா என்ற புள்ள மணவறைக்கு வராது!”

எல்லோரும் திருமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக எழுந்தார். இரண்டு கையையும் விரித்தார்.

“அவ என்ற புள்ளைங்க. நான் என்னங்க பண்றது?”

பாதிப் பேர் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள், பாதிப் பேர் சவால் என்று எடுத்துக்கொண்டார்கள். திருமூர்த்தியையே கேட்டிருந்தாலும் எதுவென்று சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை.

மேலே அருண்குமார் மயில்சாமியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். சேலை முனை விரல்களிலிருந்து நழுவத் தொடங்கியது.

“உடறதுன்னா உட்டுருண்ணா. நான் உட மாட்டேன்” என்றாள் மோனிஷா, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, சேலை முனையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனால் முடிந்தது அவ்வளவுதான். அவளுக்கு அவன்மேல் கோபமும் போகவில்லை, பாசமும் போகவில்லை.

“நடத்துங்க” என்றாள் ஆத்தப்பனிடம். அவர் நடத்தினார். பெண் மணவறைக்கு வராது என்று சொன்னாலும் பெண் வீட்டார் ஒருவரும் எழுந்து போகவில்லை. பந்தியில் இலை போட்டிருந்தார்கள். அரைமணி நேரம் அவள் சேலையை இடுக்கிக்கொண்டு நின்றாள். எத்தனையோ கண்கள் அவளுடைய கையை, கழுத்தை, இமையை மேய்ந்தன. மேயட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

ஆனால் சேலை இன்னும் பாக்கி இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதைப் பெண் கட்டினால்தான் அவள் நின்றது சீர். கட்டவில்லையென்றால் அவள் நின்றது வெறும் அடம் என்று ஆகிவிடும், இந்தக் கதையை ஊர் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிக்கும். மோனிஷா சேலையைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு மணப்பெண் அறைக்கு நடந்தாள். வாசலில் மயில்சாமி நின்றிருந்தார். இத்தனை பேருக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளையைக் கைபிடித்துத் தள்ள அவரால் முடியாது, அதிலும் இந்தக் கையை. அவள் அவரைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே ஜனனியும் அவளுடைய அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அம்மாவின் கையில் அவசரத்துக்கு எடுத்த வேறொரு சிவப்புப் பட்டு தயாராக இருந்தது.

“அத அப்புடி வெச்சுட்டுப் போ கண்ணு. நாங்க பாத்துக்கறோம்” என்றாள் அந்த அம்மா.

மோனிஷா வைக்கவில்லை. ஜனனியைப் பார்த்துச் சொன்னாள்.

“அண்ணி, இது அரைமணி நேரம் என்ற கக்கத்துல இருந்த சேலை. என்ற வேர்வையும் இதுல இருக்குது. வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லுங்க, நான் எடுத்துட்டுப் போறேன். ஆனா என்ற மூஞ்சியப் பாத்து நீங்க சொல்லோணும். உங்கப்பாகிட்டச் சொல்லி அனுப்பக் கூடாது.”

ஜனனி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். நின்று நிதானமாகப் பார்த்தாள். உதட்டோரம், இமை, கழுத்துக் கீற்று. மோனிஷா தாம்பாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மணவறையில்கூட அவளுக்கு இத்தனை பயம் இருக்கவில்லை.

“உன்ற மெசேஜப் பாத்தேன். பதில் போட்டா அப்பாவுக்குத் தெரிஞ்சுரும்னு பயந்துட்டேன். அது என்ற தப்பு” என்றாள் ஜனனி.

“தப்புத்தானுங்க” என்றாள் மோனிஷா. பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.

ஜனனியின் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பி, “அந்தச் செவப்பு பட்ட உள்ள வெய்ம்மா” என்றாள். பிறகு தாம்பாளத்திலிருந்து கூறைச்சேலையை எடுத்து உதறி, ஒரு முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, மீதியை மோனிஷாவிடம் நீட்டினாள். “எனக்குக் கொசுவம் ஒழுங்கா வராது. புடிச்சு உடு.”

மோனிஷா அவளுக்கு முன்னால் மண்டியிட்டு, மடிப்பு மடிப்பாக எடுத்தாள். வெள்ளை பாய்ந்த அவளுடைய விரல்கள் ஜனனியின் வயிற்றில் பட்டன. ஜனனி நகரவில்லை.

வெளியிலிருந்து கதவு படபடவென்று தட்டப்பட்டது. “ஜனனி! என்னாச்சு? எந்தச் சேலை?” என்று மயில்சாமியின் குரல்.

ஜனனி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மோனிஷா, மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

“எங்க ஊட்டுச் சேலைதானுங்க மாமா. இணைச்சீர்க்காரி கட்டி உட்டுக்கிட்டிருக்கறேன். அஞ்சு நிமிசம் பொறுங்க.”